ஜோகோவிச்சின் முழங்காலும் நம் வீட்டுப் பிள்ளையின் முதுகும்

காரைக்குடியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு, மே மாதக் கடைசியில் பிரெஞ்சு ஓப்பன் தொடங்கி ஜூலை நடுவில் விம்பிள்டன் முடியும் வரையுள்ள நாட்கள் எப்போதுமே சற்றுக் கடினமானவை. அந்த நாட்களில் என்னிடம் வருகிறவர்கள் வலியோடு ஒரு வீரரின் பெயரையும் கொண்டுவருகிறார்கள். யாருக்கு எந்த மூட்டில் அறுவை நடந்தது, எத்தனை வாரத்தில் களத்துக்குத் திரும்பினார், இனித் தேறுவாரா, ஓய்வு பெற்றுவிடுவதே நல்லதா என்று தேநீர்க் கடையிலும் மன்றத்துத் திண்ணையிலும் பேசி முடித்த தீர்ப்புகள் அப்படியே என் சிகிச்சை அறைக்கு வந்து சேர்கின்றன. ரசிகர்கள் பேசுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் டென்னிஸ் பார்த்தே வளர்ந்த ஆள்தான். 2008-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடால் அரையிறுதியில் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்றுவிட்டு, இறுதிப் போட்டியில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றதைத்தான், களைப்பு எப்பேர்ப்பட்ட உடம்பையும் விடாது என்பதற்குச் சான்றாக மாணவர்களிடம் இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பேச்சை அளவுகோலாக எடுத்துத் தன் முழங்காலிலும் தன் பிள்ளையின் முதுகிலும் வைத்துப் பார்ப்பது வேறு விஷயம்.

இதை எழுத வைத்தது அண்மையில் வந்த ஒரு 14 வயதுப் பையன். சர்வ் போடும்போது இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பக்கமாக இரண்டு மாதமாக வலி. ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. இந்த வயதில், இந்த விளையாட்டில், இப்படி வலித்தால் முள்ளெலும்பின் பின்வளைவில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஸ்கேனில் விரிசல் இருந்தது. அதற்குள் அவன் மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையோடு இரண்டு போட்டிகளை ஆடி முடித்திருந்தான். குறைந்தது மூன்று மாதம் சர்வ் போடக் கூடாது என்று நான் சொன்னதும் தந்தை கேட்டார்: "என்ன டாக்டர், நடால் ஊசி போட்டுக்கிட்டுப் பிரெஞ்சு ஓப்பனே ஜெயிச்சாரு. ஜோகோவிச் ஆபரேஷன் பண்ணி மூணு வாரத்துல விம்பிள்டன் பைனல் போனாரு. இவனுக்கு மட்டும் ஏன் மூணு மாசம்?" பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர் அவர். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை இவ்வளவு வருத்துகிறது.

முதலில் நடாலைப் பார்த்துவிடுவோம். 2022-இல் பாரிஸில் அவர் பட்டம் வென்றது, இடது பாதத்தின் நரம்பை ஊசியால் மரக்கவைத்துக்கொண்டுதான். முல்லர்-வைஸ் என்ற அந்தப் பாத எலும்பு நோய் அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. 36 வயதில், தன் ஆட்ட வாழ்வின் கடைசிப் பகுதியில், பல ஆண்டுகளாகத் தன்னைக் கவனித்துவந்த மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளைவு தெரிந்தே எடுத்த முடிவு அது. இப்படியே தொடர விரும்பவில்லை என்று அவரே சொன்னார். அடுத்த மாதம் விம்பிள்டனில் வயிற்றுத் தசை கிழிந்து அரையிறுதிக்கு முன் விலகினார். 2023 ஜனவரியில் இடுப்பு. அந்த ஆண்டு ஜூனில் அறுவை. 2024 நவம்பரில் ஓய்வு. கோப்பையைத் தூக்கிய படத்தை நினைவில் வைத்திருக்கிறவர்கள் அதன்பின் நடந்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊசி நோயை ஆற்றவில்லை. வலிக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்லும் வழியைச் சில மணி நேரம் அடைத்தது, அவ்வளவுதான். வளரும் பிள்ளையின் எலும்பில் விரிசல் இருக்கும்போது அந்தச் செய்தி ஒன்றுதான் நமக்கிருக்கும் பாதுகாப்பு. அதை மாத்திரையால் அடைத்துவிட்டு அவனைக் களத்தில் இறக்காதீர்கள்.

அடுத்து ஜோகோவிச். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் கேட்கும் வாதம் இதுதான். 2024 ஜூன் 3 அன்று பிரெஞ்சு ஓப்பன் நான்காம் சுற்றில் அவருடைய வலது முழங்காலின் உட்பக்க மெனிஸ்கஸ், அதாவது நம் ஊரில் ஜவ்வு என்று சொல்லும் பிறை வடிவக் குருத்தெலும்பு, கிழிந்தது. ஜூன் 5 அன்று பாரிஸில் அறுவை நடந்தது. ஜூலை 2 அன்று விம்பிள்டனில் முதல் ஆட்டம் ஆடினார். ஆக அது மூன்று வாரம் அல்ல, ஏறத்தாழ நான்கு வாரம். முழங்காலில் உறையோடு ஆடி இறுதிக்கு வந்து, அல்கராஸிடம் 6-2, 6-2, 7-6 என்று நேர் செட்களில் தோற்றார். ஆகஸ்டில் அதே உறையோடு ஒலிம்பிக் தங்கம் வென்றார். வியக்க வேண்டிய சாதனை, ஐயமில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: "வில்பவர்தான் டாக்டர் எல்லாம்."

மன உறுதிக்கும் ஜவ்வு ஆறும் வேகத்துக்கும் தொடர்பில்லை. மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்கு இரத்த ஓட்டம் உண்டு. உள் விளிம்புக்கு இல்லை. இரத்தம் போகாத இடத்தில் சிறிய கிழிசல் இருந்தால், தொங்கும் துணுக்கை மட்டும் நறுக்கி எடுத்துவிடுவார்கள். அங்கே ஆறவேண்டியது அதிகமில்லை என்பதால், வீக்கம் வடிந்து தொடைத் தசைக்கு வலு திரும்பியதும் சில வாரங்களில் ஆடலாம். கிழிசல் வெளி விளிம்பில் இருந்து, அதைத் தைத்துவிட்டார்கள் என்றால் கதையே வேறு: ஊன்றுகோல், முழங்காலை மடக்குவதில் கட்டுப்பாடு, நான்கு முதல் ஆறு மாதம் வரை காத்திருப்பு. தைத்த ஜவ்வோடு எந்த வீரரும், எவ்வளவு மன உறுதி இருந்தாலும், நான்கு வாரத்தில் புல்தரையில் ஓடிச் சறுக்கி ஆட முடியாது. இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. சீக்கிரம் திரும்ப வைக்கும் நறுக்கும் அறுவைதான், முழங்காலின் அதிர்வு தாங்கியில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் குறைப்பது. அதனால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது. தைத்துக் காத்திருக்கும் மெதுவான வழி ஜவ்வைக் காப்பாற்றுகிறது. ஆகவே 'மூன்று வாரத்தில் திரும்பினார், எனவே நல்ல சிகிச்சை' என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு மருத்துவர் தைத்து, ஆறு மாதம் இருக்கச் சொன்னால், அந்த ஆறு மாதமே அவனுக்குக் கிடைத்த பரிசு.

ஆத்தங்குடிக் கல்லை அச்சிலிருந்து எடுத்த கையோடு தரையில் பதிக்கும் கொத்தனாரை நான் பார்த்ததில்லை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து வலுவேறும் வரை கல்லுக்குக் கொடுக்கும் காலத்தை, எலும்புக்கும் தசைநாருக்கும் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

50 வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. தேய்மானத்தோடு சேர்ந்து வரும் ஜவ்வுக் கிழிசலுக்கு, முறையான உடற்பயிற்சிச் சிகிச்சை பெரும்பாலும் அறுவைக்கு இணையான பலனைத் தருகிறது என்று நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாத நிலை இருந்தால் அது வேறு. மற்றபடி, ஜோகோவிச் செய்துகொண்டார் என்பதற்காக மதுரைக்குப் போய் அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.

அவசரத்துக்கு நேரெதிரான இன்னொரு பழக்கமும் ரசிகர்களிடம் உண்டு. ஒரு காயத்தோடு ஒருவரின் கதையை முடித்துவிடுவது. 2016-இல் பெடரருக்கு, ஆஸ்திரேலியாவில் தோற்ற மறுநாள் தன் பெண்குழந்தைகளுக்குக் குளியல் தொட்டியில் நீர் பிடிக்கத் திரும்பியபோது முழங்காலில் 'கிளிக்' என்றது. அறுவை செய்துகொண்டு வசந்தகாலத்தில் திரும்பினார். விம்பிள்டன் அரையிறுதிக்குப் பின் அந்த ஆண்டு முழுவதும் ஆட்டத்தை நிறுத்தினார். 35 வயது, இனி அவ்வளவுதான் என்றார்கள். ஆறு மாத ஓய்வுக்குப் பின் 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். நம் ரோகன் போபண்ணா, முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில் ஐயங்கார் யோகா தனக்குக் கைகொடுத்ததாகச் சொன்னவர். 43 வயதில், 2024-இல், ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றார். அதே சமயம், 2020-இல் யு.எஸ். ஓப்பன் வென்ற டொமினிக் தீம் 2021-இல் வலது மணிக்கட்டில் அடிபட்டபின் பழைய ஆட்டத்தை மீட்கவே முடியாமல் 2024-இல் 31 வயதில் விடைபெற்றார். அவரைச் சோம்பேறி என்றும் மனம் தளர்ந்தவர் என்றும் பேசியவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. மணிக்கட்டில் காயம் பட்டவர் ஒவ்வொரு போர்ஹேண்டிலும் தன்னை அறியாமல் வேகத்தைக் குறைப்பார். அந்த அச்சம் தசைகளுக்குள் பதிந்துவிடும், அதைக் களைவதே பாதிச் சிகிச்சை. தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்து அதை அளக்க முடியாது.

இந்தத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது தெரியுமா? ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருக்கிறது, என்று ஒரு வரி இருந்தால் போதும், நன்றாக ஆடும் பெண்ணை உறவினர் கூடி விளையாட்டை விட்டே நிறுத்திவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாத இளம் டென்னிஸ் வீரர்கள் 33 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 28 பேருக்கு ஏதாவதொரு மாற்றம் தெரிந்தது. ஸ்கேன் படத்தை வைத்து எதிர்காலம் சொல்லக் கூடாது; வலி எங்கே, எந்த அசைவில், எவ்வளவு நேரம் என்று பார்த்து, படத்தோடு பொருத்திய பிறகே எதையும் சொல்லலாம்.

பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் சில வேண்டுகோள்கள். ஒரு வாரத்தில் முறையான பயிற்சி மணிகள், பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம். 12 வயது என்றால் 12 மணி நேரம், அதற்குள் போட்டிகளும் அடக்கம். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2012 முதல் அனுமதிப்பதில்லை. அழுத்தம் குறைந்த பந்துகள் இருக்க, எதற்காக நம் பிள்ளைகளின் பிஞ்சு மணிக்கட்டில் பெரியவர்களின் பந்தை மோத விடுகிறீர்கள்? நடால் கட்டியது போன்ற பாலியெஸ்டர் ஸ்டிரிங்கும் சிறுவர்களுக்கு வேண்டாம். அது விறைப்பானது, அதிர்வெல்லாம் முழங்கைக்குத்தான் போகும். வாரத்துக்கொரு ஸ்டிரிங்கை அறுக்கும் வலு வந்தபிறகு யோசிக்கலாம். நம் பக்கத்து ஆடுகளங்கள் பெரும்பாலும் சிமெண்ட். அதில் ஓட்டப் பயிற்சி ஷூவோடு பக்கவாட்டில் ஓடினால் கணுக்கால் புரளும்.

முழங்கை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் 'டென்னிஸ் எல்போ'வோடு, அதாவது முழங்கையின் வெளிப்பக்கத் தசைநார் வலியோடு, வருகிறவர்களில் மிகப் பலர் ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. தேன்குழல் பிழியும் ஆச்சிமார்கள், கல்யாணச் சமையலில் அண்டா கிளறும் மாஸ்டர்கள், தறி நெய்கிறவர்கள். அவர்களும் உடனே ஊசி கேட்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள். பொறுமையாகத் தசைநாரை வலுப்படுத்தும் பயிற்சியே போதும்.

திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் ஊர் வந்த இடத்தில், பல மாதம் கழித்து ராக்கெட் எடுத்து ஆடும் அன்பர்களே, தயவுசெய்து பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். பந்துக்குப் பாயும்போது பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்தது போல் கெண்டைக்காலில் சுரீரென்றால் தசை கிழிந்திருக்கிறது. உடனே ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைத்தல். சுடு எண்ணெய் போட்டு நீவிவிடுவது கூடவே கூடாது. உள்ளே கசியும் இரத்தம் கூடும். பல மணி நேரம் விமானத்திலோ காரிலோ வந்தவருக்குக் கெண்டைக்கால் வீங்கியிருந்தால் அது இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அதை மருத்துவர் பார்க்காமல் யாரையும் தொட விடாதீர்கள்.

இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் மரத்துப்போதல், பூட்டிக்கொள்ளும் முழங்கால், ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்துக்குமேல் நீடிக்கும் பிள்ளையின் முதுகுவலி, இவற்றில் எது இருந்தாலும் போட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் வந்துவிடுங்கள். வரும்போது ராக்கெட்டையும் ஷூவையும் கொண்டுவாருங்கள். பிள்ளை சர்வ் போடுவதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். எந்த ஷாட்டில் வலிக்கிறது என்பதைப் பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும்.