தொழில் யார் பெயரில் ஓடுகிறது?

“மேடம், விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாமப் பாத்துக்கணும்.” வீட்டோடு மசாலா, மாவு, தையல் என்று தொழில் நடத்தும் பெண்கள் ஆடிட்டரான என்னிடம் அடிக்கடி சொல்வது இது. பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வருட விற்பனை வரம்பு அது. வரிக்குப் பயம் என்று தோன்றும். பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும்: ஆர்டர் கூடினால் ராத்திரி பத்து மணிக்கும் யூனிட்டில் நிற்கணும், பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு முடியவில்லை. கணவரை இழந்தோ பிரிந்தோ தனியாக நடத்துகிறவர்கள் இப்படிக் கேட்பது குறைவு. வீட்டு வாடகையே அந்தத் தொழிலில்தான். கல்யாணமாகாதவர்களுக்கு வங்கியில் ஒரு தொல்லை: “கல்யாணத்துக்கு அப்புறம் யாரும்மா பாத்துப்பா?” எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி!

இதைவிட எனக்குக் கவலை தருவது பெயர். வேலை முழுக்க மனைவி செய்வார். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவும் வங்கி நடப்புக் கணக்கும் கணவர் பெயரில். “ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” ஒன்றல்ல. வருடக்கணக்கில் ஒழுங்காகக் கட்டிய தவணையெல்லாம் அவருடைய சிபிலில், அதாவது கடன் வரலாற்றில்தான் ஏறும். அவர் பைக் கடனைக் கட்டாமல் விட்டால் அடிபடுவது உங்கள் யூனிட். அவர் காலமானால் அந்த ஜிஎஸ்டி எண்ணில் தொடர முடியாது. வாரிசு புதுப் பதிவு எடுக்கவேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிமத்தை வாரிசு பெயருக்கு மாற்ற 90 நாள் கெடு. துக்க வீட்டில் யார் இதையெல்லாம் தேடுவார்கள்?

சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனுக்குப் பிணையம் வேண்டாம். அதை உங்கள் பெயரில் வாங்கிக் கட்டத் தொடங்குங்கள். கணவர் முதல் போட்டால் வங்கிக் கணக்கு வழியாக வாங்கி, அவர் தந்த கடனாக, நியாயமான வட்டியோடு எழுதிக்கொள்ளுங்கள். சும்மா கொடுத்ததாக இருந்தால் அந்த முதலுக்குரிய லாபம் அவர் வருமானத்தில் சேர்ந்து வரி வரும்.

பெரிய கடனுக்குப் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். அங்கேதான் பிறந்த வீட்டுப் பங்கு உதவும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம், அதற்கு முன்பே மணமான மகள்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமான மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. “சீர் செஞ்சாச்சே” என்று அண்ணன், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பங்கின் மேல் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.