பூக்கும் வாரத்தில் வராத மழை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மழை வழக்கத்தைவிடக் கால் பங்குதான் குறைவு என்கிறார்கள். விளைச்சல் மட்டும் பாதிக்கு மேல் போய்விட்டது என்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்தானே? சரி, பிறகு மழை வந்துவிட்டது. அப்புறமும் விலை ஏன் இறங்கவில்லை?"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பயிர் ஆண்டு மழைக் கணக்கைப் பார்ப்பதில்லை. வேர் இருக்கும் மண்ணில் இன்றைக்கு ஈரம் இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இரண்டு நல்ல மழைக்கு நடுவே மூன்று வாரம் வெயில் காய்ந்தால் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாது, ஆனால் வயலில் அது முழு வறட்சி. வானிலை ஆய்வாளருக்கு மழை குறைந்தாலே வறட்சி. நீர் மேலாண்மை செய்பவருக்கு அணையும் நிலத்தடி நீரும் இறங்க வேண்டும். உழவருக்கு வேர்ப்பகுதி ஈரம் பயிரின் தேவைக்குப் போதாமல் போவதுதான் கணக்கு. மூன்றும் ஒரே நாளில் தொடங்குவதும் இல்லை, ஒரே நாளில் முடிவதும் இல்லை.

செடிக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது, உடலில் தங்குவது மிகச் சொற்பம். காரணம், செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 420 மட்டுமே. அதைப் பிடிக்க இலைத்துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். திறந்தால் ஈரமான இலைக்குள்ளிருந்து நீராவி வெளியே ஓடும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வர, நெல், கோதுமை போன்ற பயிர்கள் சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. மக்காச்சோளம் இந்த விஷயத்தில் கொஞ்சம் சிக்கனம், ஆனாலும் நூறுக்குக் குறைவதில்லை.

மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இலைத்துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. அவற்றின் பின்னாலேயே நீரும் போகிறது. விறைப்பாக நின்ற செல்கள் தளர, துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சம். ஆனால் சர்க்கரை தயாரிப்பும் நின்றுபோகிறது, ஆவியாதலால் குளிர்ந்துகொண்டிருந்த இலை சூடேறவும் செய்கிறது. தாகத்தில் சாவதற்குப் பதிலாகப் பட்டினி கிடப்போம் என்று செடி எடுக்கும் முடிவு இது.

துளை மூடியும் போதவில்லை என்றால், வேரிலிருந்து இலை வரை இழுபட்டு நிற்கும் நீர்த்தம்பம், சைலம் என்ற நீர் ஏறும் குழாயில் அறுந்து, குமிழி விழும். குமிழி விழுந்த குழாயில் அதற்கு மேல் நீர் ஏறாது. 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரில்லாத தக்காளிச் செடிகள் மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் சொடுக்கும் ஒலிகளை எழுப்புவதைக் காற்றிலேயே பதிவு செய்தார்கள். இந்தக் குமிழிகள்தான் காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் ஊகம். செய்தித் தலைப்புகளில் அது "செடிகள் அழுகின்றன" என்று ஆனது. செடிக்கு ஆன்மாவும் அழுகையும் கற்பிக்கும் இந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. காகித அளவு தடிமனுள்ள இலை, மரத்தின் உச்சி வரை நீரை இழுத்து நிறுத்துகிறது. அந்த நீரில் இருக்கும் இழுவிசை எத்தகையது என்று யோசிப்பது அழுகைக் கதையைவிட நூறு மடங்கு சுவையானது.

இதுவரை பள்ளிப் பாடம். இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உலகில் அதிகம் விளையும் தானியம் மக்காச்சோளம். அந்தச் செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. உச்சியில் விரிந்து நிற்கும் குஞ்சம் ஆண். தண்டின் நடுவில், உறைகளுக்குள் மறைந்திருக்கும் கதிர் பெண். கதிரில் சில நூறு சூல்கள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சூலிலிருந்தும் ஓர் இழை கிளம்புகிறது. கதிரை உரிக்கும்போது எரிச்சலோடு பிய்த்துப் போடுகிறோமே, அந்த முடிதான். ஒவ்வொரு முடியும் ஒரு தனிப் பெண் உறுப்பு. உறைக்குள்ளேயே வளர்ந்து வளர்ந்து, நுனி வழியாக வெளியே வந்து, காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்க வேண்டும். அடிப்பகுதிச் சூலின் இழை இதற்கு ஒரு சாண் அளவும் அதற்கு மேலும் நீள வேண்டியிருக்கும். மகரந்தத் துகள் ஒட்டிய சில நிமிடங்களில் முளைத்து, இழைக்குள் ஒரு குழாயை நீட்டி, ஏறத்தாழ ஒரு நாளில் சூலை எட்டும். ஓர் இழைக்கு ஒரு சூல், ஒரு சூலுக்கு ஒரு மணி. கதிரில் பல் விழுந்ததுபோல் ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த இடத்து இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லை, அல்லது கருவான மணி பிறகு கருகிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது வறட்சியைக் கொண்டுவருவோம். இழை நீள்வது புதிய செல்கள் பெருகுவதால் என்பதைவிட, இருக்கும் செல்கள் நீரை உறிஞ்சி உப்பி நீள்வதால்தான். நல்ல ஈரம் இருந்தால் ஒரு நாளில் மூன்று நான்கு சென்டிமீட்டர்கூட வளரும். செடிக்குள் நீரழுத்தம் இறங்கும்போது முதலில் பாதிக்கப்படுவது இந்த உப்பல்தான். இலை இன்னும் பச்சையாக இருக்கும், பார்வைக்குப் பயிர் நன்றாகவே நிற்கும். உறைக்குள்ளே இழைகள் மட்டும் வளராமல் நின்றிருக்கும்.

உச்சிக் குஞ்சத்தின் நிலைமை வேறு. அதன் மகரந்தம் முன்பே தயாராகிவிட்டது. மகரந்தப் பை திறப்பதற்கு அது கொஞ்சம் காய்வது தேவையும்கூட. அதனால் வறட்சியிலும் அது ஏறத்தாழ குறித்த நாளிலேயே உதிர்க்கத் தொடங்கிவிடும். ஒரு செடி ஒரு வாரம் அளவுக்கு உதிர்க்கும். ஒவ்வொரு துகளுக்கும் ஆயுள் சில மணி நேரம்தான், சூடான வறண்ட காற்றில் அதைவிடக் குறைவு. ஈரம் இருந்தால் மகரந்தம் கொட்டத் தொடங்கி ஓரிரு நாளில் இழைகள் வெளியே எட்டிப் பார்க்கும். வறட்சியில் அவை நாலு நாள், எட்டு நாள் பிந்தும். கடைசி இழைகள் தலை நீட்டும்போது வயலில் மகரந்தமே இருக்காது.

கதிரின் அடிப்பகுதி இழைகள்தான் முதலில் கிளம்பும், நுனிப் பகுதி கடைசி. வறட்சி ஆண்டில் அறுத்த கதிர்களில் அடியில் மணிகளும் நுனியில் வெறும் சக்கையும் இருப்பது இதனால்தான். பயிர் ஆய்வாளர்கள் மகரந்த நாளுக்கும் இழை நாளுக்கும் இடையிலான இடைவெளியை எண்ணிப் பார்த்தார்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தபோது கிடைத்த விளைச்சல், பத்து நாளானபோது 90 சதவீதம் வரை சரிந்திருந்தது. வாசகர் கேட்ட முதல் கேள்விக்கு விடை இந்தப் பத்து நாளுக்குள் இருக்கிறது. விதைத்த புதிதில் வரும் வறட்சியில் செடி குட்டையாகிப் பிறகு ஓரளவு தேறிக்கொள்ளும். மணி பிடித்த பிறகு வந்தால் மணி சிறுத்துப்போகும். பூக்கும் சமயத்தில் வந்தால் மணியே இருக்காது. அதற்கு அடுத்த வாரம் எவ்வளவு மழை கொட்டினாலும் உருவாகாத மணியை அது உருவாக்கித் தராது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. மகரந்தத்தைக் கையால் தூவி, கருவுறவைத்தாலும் வறட்சியில் இளம் மணிகள் சில நாளில் கருகி நின்றுவிடும். தாகமா பட்டினியா என்று பார்க்க, ஜான் போயரும் சக ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட ஓர் அருமையான சோதனை இருக்கிறது. நீரின்றி வாடிய செடியின் தண்டுக்குள் சர்க்கரையும் பிற சத்துகளும் கலந்த திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். செடியின் வாட்டத்தைப் போக்கும் அளவுக்கு அதில் நீர் இல்லை. இலைகள் வாடியபடியேதான் இருந்தன. ஆனால் மணிகள் பிழைத்தன! இலைத்துளை மூடிய அன்றே சர்க்கரை வரத்து நின்றுவிட்டது, மணிகளைக் கொன்றது அந்தப் பட்டினி. மண்ணில் தொடங்கிய பிரச்சினை கதிரை எட்டும்போது சர்க்கரைப் பிரச்சினையாக மாறியிருக்கிறது.

மற்ற தானியங்களுக்கும் இப்படி ஒரு பலவீனமான வாரம் இருக்கிறது. கோதுமையில் மகரந்தம் உருவாகும் சில நாட்கள். அப்போது ஈரம் போனால் மகரந்தம் மலடாகிவிடும். நெல்லில் கதிர்க்காம்பு நீளாமல் கதிரின் ஒரு பகுதி உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அங்கே விளைவது பதர்.

இந்த அறிவு எதற்குப் பயன்பட்டது? மெக்சிகோவில் இருக்கும் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆய்வு நிலையமான சிம்மிட்டில் 1970-களிலேயே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மழையில்லாப் பருவத்தில் பயிரிட்டு, பூக்கும் நேரம் பார்த்துப் பாசனத்தை நிறுத்துவார்கள். எந்தச் செடியில் குஞ்சமும் இழையும் அதிக இடைவெளியின்றி வருகின்றன என்று பார்த்து, அதன் விதையை எடுத்து, மறுபடி விதைப்பார்கள். முக்கியக் கருவிகள் கண்ணும் குறிப்பேடும்தான். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த விதைகளின் வழிவந்த வகைகள் பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வறட்சி தாங்கும் மக்காச்சோளமாகப் பரவின.

இந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று ஆய்வு உலகில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாண்டுத் திட்டம், மூன்றாண்டு முடிவில் அறிக்கை என்பதுதான் நிதி தருபவர்களின் காலண்டர். ஒரு ரகம் தயாராகப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகலாம். நடுவில் நிதி ஓராண்டு நின்றால் ஒரு பருவம் போகிறது, சில சமயம் விதைத் தொகுப்பே போகிறது. வறட்சி வந்த ஆண்டில் நிவாரணத்துக்குக் கோடிகள் ஒதுக்கிவிட்டு, மழை பெய்த ஆண்டில் விதை ஆய்வுக்குக் கையை விரிக்கும் வழக்கத்தை நான் முட்டாள்தனம் என்றே சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம், விலை. உணவு விஷயத்தில் பற்றாக்குறை சிறிதாக இருந்தாலும் விலை பெரிதாக ஏறும், ஏனென்றால் விலை ஏறியதற்காக யாரும் பாதி வயிறு சாப்பிட விரும்புவதில்லை. இன்னொன்று, உலகச் சந்தைக்கு வரும் தானியத்தில் பெரும்பகுதி சில நாடுகளிலிருந்து மட்டுமே வருகிறது. 2010 கோடையில் ரஷ்யாவில் கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து கோதுமை விளைச்சலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. ஆகஸ்டு 15 முதல் அந்நாடு தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தக் கோடையில் உலக விலை சில வாரங்களுக்குள் ஒன்றரை மடங்கைத் தாண்டியது. 2012-இல் அமெரிக்காவில் வறட்சி, அதுவும் மக்காச்சோளம் பூக்கும் ஜூலையை ஒட்டி. அறுவடைக்கு இன்னும் வாரங்கள் இருந்தன, பயிர் வயலில் நின்றுகொண்டிருந்தது, விலை அதற்குள் உச்சத்துக்குப் போய்விட்டது. தானிய வியாபாரிகள் வானிலை வரைபடத்தைப் பார்த்தே இழைக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நேரடியாக மனிதர் தட்டுக்கு வருவதில்லை. கோழி, பன்றி, மாடு வழியாக முட்டையாக, இறைச்சியாக, பாலாக வருகிறது. அந்த வழியில் வேறு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். வெப்பத்திலும் வறட்சியிலும் நலிந்த கதிர்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை எளிதாகக் குடியேறி அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அந்தத் தீவனத்தைத் தின்ற மாட்டின் உடலில் அது சற்று மாறிப் பாலில் வந்துவிடும். பால்கன் பகுதியில் 2012-இல் வறட்சி. 2013 தொடக்கத்தில் செர்பியாவில் பாலில் அந்த நஞ்சு இருப்பது தெரிந்து பெரிய பரபரப்பானது. வறட்சி நடந்தது வயலில், சிக்கல் தெரிந்தது ஒரு குளிர்காலத்தில், பால் புட்டியில்.

விலை இறங்காததற்கு நல்ல உதாரணம் மாட்டிறைச்சிதான். புல் காய்ந்து தீவன விலையும் ஏறியவுடன் வளர்ப்பவர்கள் மாடுகளை விற்றுத் தள்ளுகிறார்கள். அதனால் வறட்சியின் தொடக்கத்தில் இறைச்சி மலிவாகக்கூடக் கிடைக்கலாம். விற்றதில் கன்று ஈனும் பசுக்களும் போய்விடுகின்றன. மழை வந்து புல் தழைத்ததும் மந்தையை மறுபடி பெருக்க வேண்டும். அதற்காக இளம் கிடாரிகளை விற்காமல் நிறுத்தி வைப்பார்கள். அந்தக் கிடாரி பருவமடைந்து, சினைப்பட்டு, ஒன்பது மாதம் சுமந்து ஈன்று, அந்தக் கன்று வளர்ந்து சந்தைக்கு வரக் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள். அதுவரை வரத்து கூடாது, நிறுத்தி வைத்த கிடாரிகளால் இன்னும் குறையும். 2011 முதல் டெக்சாஸ் உள்ளிட்ட பகுதிகளில் தொடர்ந்த வறட்சிக்குப் பின் 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மாட்டு எண்ணிக்கை 1951-க்குப் பிறகு மிகக் குறைவான அளவில் இருந்தது. அங்கே மாட்டிறைச்சியின் சில்லறை விலை அதுவரை காணாத உச்சம் தொட்டது 2015-இல். அந்த ஆண்டு மே மாதம் டெக்சாஸில் வெள்ளம்.