மின்வில்லைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம்

மின்பகிர்மானப் பெட்டிக்குள் மறந்துவிட்ட ஒரு ஸ்பேனரோ, உள்ளே புகுந்த எலியோ, ஈரம் ஏறிய தூசியோ இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே பாதை அமைத்துக் கொடுத்தால், அங்குள்ள காற்று அயனியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. இதுவே மின்வில். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். மின்வில்லின் மையமோ 20,000 டிகிரி வரை எட்டக்கூடும். செம்பு ஆவியாகும்போது அதன் கன அளவு பல்லாயிரம் மடங்கு பெருகுவதால், எழும் அழுத்தம் இரும்புக் கதவையே பிய்த்தெறியும்.

இத்தனை சீற்றமும், மின்னோட்டத்தை அளந்து பழுதென்றால் துண்டிக்கக் கட்டளையிடும் பாதுகாப்பு ரிலேயின் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியலாம் என்பதுதான் விந்தை. மின்வில்லுக்கென்று ஒரு மின்தடை உண்டு. ஆகவே அதன் வழியே பாயும் மின்னோட்டம், கம்பிகள் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட்டில் பாய்வதைவிடக் குறைவு. தாழ் மின்னழுத்த அமைப்புகளில் பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு. உடனடியாகத் துண்டிக்க வைத்திருக்கும் வரம்பை அது தொடாவிட்டால், ரிலே தன் தாமதக் கணக்கின்படிதான் இயங்கும். பழுதுக்கு அருகிலுள்ள பிரேக்கர் (மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச்) முதலில் திறக்கட்டும் என்பதற்காக, மின்சாரம் வரும் பக்கத்திலுள்ள மேல்நிலை ரிலேக்கள் படிக்கு 0.3 முதல் 0.4 வினாடி வரை வேண்டுமென்றே காத்திருக்கும்படி அமைக்கப்படுகின்றன. மற்ற பழுதுகளுக்கு நியாயமான இந்த ஏற்பாடு இங்கே வினையாகிறது. ஏனெனில் மின்வில் வெளிவிடும் ஆற்றல் அது எரியும் நேரத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது.

இதற்கு மாற்றாக, மின்னோட்டத்தோடு வெளிச்சத்தையும் கவனிக்கும் ரிலேக்கள் வந்தன. பெட்டிக்குள் பொருத்திய ஒளி உணரிகளோ ஒளியிழையோ பளிச்சிடலை உணர, அதே கணத்தில் மின்னோட்டமும் உயர்ந்திருந்தால் மட்டுமே ரிலே கட்டளை இடும். கேமரா ஃபிளாஷுக்கும் வெல்டிங் பொறிக்கும் ஏமாந்து மின்சாரத்தை நிறுத்திவிடாமலிருக்கவே இந்த இரட்டை நிபந்தனை. முடிவெடுக்கச் சில மில்லிவினாடிகள் போதும். ஆனால் பிரேக்கரின் இயந்திரப் பாகங்கள் அசைந்து மின்னோட்டத்தை அறுக்க மேலும் 50 மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியையும் குறைக்க, சில நிலையங்களில் மின்வில் அணைப்பான் என்ற கருவி, மூன்று பேஸ்களையும் வேண்டுமென்றே ஷார்ட் செய்து மின்னழுத்தத்தைச் சரியவைக்கிறது. சில மில்லிவினாடிகளில் மின்வில் பட்டினியில் அணைந்துபோகும்; ஆனால் அந்த முழு ஷார்ட் சர்க்யூட்டின் அதிர்ச்சியை டிரான்ஸ்ஃபார்மர் தாங்கியாக வேண்டும்.

திறந்தவெளியில் அறுந்து, காய்ந்த மணலில் விழுந்த லைன் வேறு வகைச் சிக்கல். அங்கே பாய்வது மிகச் சிறிய மின்னோட்டம்தான்; சில வேளை ஏறத்தாழ ஒன்றுமே பாயாது. ஃபியூஸுக்கு அது வழக்கமான சுமையாகவே படும். மின்னோட்ட அலைவடிவத்தின் ஒழுங்கற்ற துடிப்பைக் கணினி வழியே அலசும் ரிலேக்கள் இதைத் தேடுகின்றன என்றாலும், அவையும் எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. அதனால்தான் தீப்பொறி எதுவுமின்றித் தரையில் கிடக்கும் கம்பியிலும் முழு மின்னழுத்தம் இருக்க வாய்ப்புண்டு.