திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நடுவர் கையை இப்படியும் அப்படியும் வீசுவார். அது பார்வையாளர்களுக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஸ்கோரருக்கான சைகை. ஸ்கோரர் பதிலுக்குக் கையைத் தூக்கியோ விளக்கைப் போட்டோ, பார்த்துவிட்டேன் என்று காட்ட வேண்டும். அந்தப் பதில் வரும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடர விடக் கூடாது என்று கிரிக்கெட் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஒரே பந்தில் நோ-பாலும் பவுண்டரியும் வந்தால் இரண்டு சைகை. அவை இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும்.

மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கும் இளம் டாக்டர்களுக்கும் தகவல் பரிமாற்றப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பைப் பெரும்பாலும் இந்த விதியிலிருந்துதான் தொடங்குவேன். நான்கு ரன் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக ஒரு விளையாட்டு இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறது. நாமோ ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் மருந்து அளவைக் கேட்டு, "ஓகே டாக்டர்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அந்த ஓகேயால் தெரிவது போன் லைன் நன்றாக இருந்தது என்பது மட்டும்தான். காதில் என்ன விழுந்தது என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

செய்தி போக வேண்டும், சேர வேண்டும், சேர்ந்ததைச் சொல்லும் பதில் திரும்பி வர வேண்டும். இந்த மூன்றாவது படியோடுதான் வளையம் மூடுகிறது. எங்கள் துறையில் இதை ‘குளோஸ்டு லூப்’ என்போம். வளையம் மூடாமல் போனால் என்ன ஆகும் என்று காட்ட 1999 உலகக் கோப்பை அரையிறுதியை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன் மைதானம். ஆஸ்திரேலியா எடுத்தது 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அடித்தார். ஸ்கோர் சமன். இன்னும் நான்கு பந்து இருக்கிறது, தேவை ஒரே ரன். மூன்றாவது பந்தில் எதிர்முனையில் நின்ற ஆலன் டொனால்ட் சீக்கிரமே கிரீஸை விட்டு வெளியே வந்துவிட்டார். லீமன் எறிந்த பந்து ஸ்டம்பில் படாததால் தப்பினார். நான்காவது பந்தைத் தட்டிவிட்டு குளூஸ்னர் ஓட்டமெடுத்தார். டொனால்டின் கண் பந்தின் மேல் இருந்தது. தன் துணை ஆட்டக்காரர் தன்னைத் தாண்டி ஓடிவருவதை அவர் கவனித்தபோது நேரம் போய்விட்டது. மட்டையும் கையிலிருந்து நழுவியது. மார்க் வாக் எடுத்து எறிய, ஃபிளெமிங் பந்தை உருட்டிவிட, கில்கிறிஸ்ட் ஸ்டம்பைத் தட்டினார். ஆட்டம் டை. அதற்கு முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸ் பட்டியலில் தென்னாப்பிரிக்காவுக்கு மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது.

இதை ‘பதற்றம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றாவது பந்து இரண்டு பேருக்கும் இரண்டு வேறு பாடத்தைச் சொல்லியிருந்தது. எப்படியாவது ஓடி முடித்துவிடலாம் என்பது ஒருவருக்கு. அவசரப்பட்டு வெளியே போகக் கூடாது என்பது இன்னொருவருக்கு. இரண்டுமே நியாயமான எண்ணங்கள்தான், ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ரன் ஓடுகிறவர்களுக்கு எஸ், நோ, வெயிட் என்று மூன்றே சொற்கள் இருப்பதும், பந்து யார் கண்ணுக்கு முன்னால் போகிறதோ அவர்தான் அழைக்க வேண்டும் என்ற பழக்கமும் இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். அழைப்புக்குப் பதில் அழைப்பு வராமல் ஓடத் தொடங்கினால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அது தனி ஓட்டம்தான்.

வார்டிலும் இதே கதைதான். சர்க்கரை ஏறிய நோயாளிக்கு டாக்டர் "இன்சுலின் ஃபிஃப்டீன்" என்கிறார். இரைச்சலில் அது "ஃபிஃப்டி" என்று விழலாம். அதனால்தான் வாய்மொழி உத்தரவை முதலில் எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும், அதற்கு டாக்டர் சரி சொல்ல வேண்டும் என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். "டாக்டர், இன்சுலின் ஒன் ஃபைவ், பதினைந்து யூனிட், சரிதானே?" "ஆமாம் சிஸ்டர்." இவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகாது.

அதே 1999 செப்டம்பரில், அதே ஆஸ்திரேலிய அணிக்கு, கண்டி அஸ்கிரிய மைதானத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. ஜெயவர்த்தன அடித்த பந்து உயரப் போனது. கேப்டன் ஸ்டீவ் வாக் பின்னோக்கி ஓடினார், எல்லைக்கோட்டிலிருந்து கில்லஸ்பி முன்னோக்கி ஓடிவந்தார். இருவரும் முட்டிக்கொண்டார்கள். வாக்கின் மூக்கு உடைந்தது, கில்லஸ்பியின் கால் முறிந்தது. கேட்சும் போனது. இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போகும்போது ஒருவர் ‘மைன்’ என்று கத்த வேண்டும், அல்லது முழுக் காட்சியும் தெரிகிற மூன்றாமவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்துகிறோம். அந்த ‘யாராவது’ யாரும் இல்லை. முதலுதவிப் பயிற்சியில் நாங்கள் சொல்வது இது: ஒருவரைக் கையால் காட்டுங்கள். "நீல சட்டை அண்ணா, நீங்க 108-க்கு போன் பண்ணுங்க, பண்ணிட்டு இங்க வந்து சொல்லுங்க." ‘வந்து சொல்லுங்க’ என்பதை விட்டுவிடாதீர்கள். அழைப்பு போனதா என்பது உங்களுக்குத் தெரியவருவது அதில்தான்.

சரி, சினிமாவுக்கு வருவோம். விளையாட்டுப் படங்களில் தகவல் பரிமாற்றம் என்றாலே கோச்சின் நீண்ட வசனம்தான். 2007-இல் வந்த பெண்கள் ஹாக்கிப் படமான ‘சக் தே இந்தியா’வில் இறுதிப் போட்டிக்கு முன்னால் ஷாருக் கான் பேசும் ‘எழுபது நிமிட’ வசனத்தை இன்றும் அலுவலகக் கூட்டங்களில் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் அந்தப் படத்தில் அணியைக் கெடுத்துக்கொண்டிருந்தது உற்சாகக் குறைவு இல்லை. முன்களத்தில் ஆடும் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். அது சரியாவது கோச்சின் வசனத்தால் இல்லை, ஆட்டத்துக்கு நடுவே ஒருத்தி மற்றவளுக்குப் பந்தைத் தள்ளிவிடும் அந்தக் கணத்தில்தான். வசனத்தைக் கொண்டாடுகிற நிறுவனங்கள் அந்தப் பாஸையும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

நம்முடைய ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு கேள்வி கேட்பேன்: கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்கிறார்? ஒரே விதமாகத்தான். இன்னொரு பழம் எங்கே என்பதையே குரலை உயர்த்தி உயர்த்திக் கேட்கிறார். செந்திலும் ஒரே பதிலைத்தான் தருகிறார். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தியும் போகிறது! குரலை ஏற்றினால் புரியாதது புரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோரிடமும் இருக்கிறது. காது கேட்காத பாட்டியிடமும், தமிழ் தெரியாத நோயாளியிடமும், புதிதாகச் சேர்ந்த ஜூனியரிடமும் இதைத்தான் செய்கிறோம். ஒரு தடவை சேரவில்லையென்றால் கேள்வியை மாற்ற வேண்டும். "வாங்கின ரெண்டு பழத்தையும் என்ன பண்ணே, வரிசையா சொல்லு" என்று கேட்டிருந்தால் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். சினிமாவுக்கு நஷ்டம்தான், வார்டுக்கு லாபம்.

மொழியே தெரியாதபோது என்ன செய்வது? கால்பந்து இதற்கு ஒரு வழி கண்டது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில், வெம்ப்ளியில், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மானிய நடுவர் க்ரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ராட்டின் மைதானத்தை விட்டுப் போகவே பல நிமிடங்கள் பிடித்தன. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், போக்குவரத்து சிக்னல் நிறங்களைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை வந்தன. இன்று பல மருத்துவமனைகளில் ஒவ்வாமை உள்ளவருக்குச் சிவப்பு மணிக்கட்டுப் பட்டையும், கீழே விழும் அபாயம் உள்ளவருக்கு மஞ்சள் பட்டையும் கட்டுகிறார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த நிறம் கட்டியிருக்கிறார்கள், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

கபடியை மட்டும் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். எதிரணிக் களத்தில் ‘கபடி கபடி’ என்று விடாமல் பாடுவது மூச்சு விடவில்லை என்பதற்கான தொடர் சாட்சி. சத்தம் நின்றால் நடுவருக்கு உடனே தெரியும். அறுவை சிகிச்சை அறையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பாடிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். ஆக்ஸிஜன் குறைந்தால் அதன் சுருதி இறங்கும், திரையைப் பார்க்காமலே மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்துவிடுவார். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று ஒலியைக் குறைக்கச் சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

உலகம் முழுக்கத் தெரிந்த வசனம் ஒன்று ‘அப்போலோ 13’ (1995) படத்தில் இருக்கிறது: ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு பிரச்சினை. 1970 ஏப்ரலில் உண்மையில் நடந்த உரையாடல் மூன்று பேருடையது. முதலில் விண்கலத்திலிருந்து ஸ்விகர்ட் பிரச்சினை என்கிறார். தரையிலிருந்து ஜாக் லூஸ்மா, மறுபடி சொல்லுங்கள் என்கிறார். அப்புறம் விண்கலத்தின் தலைவர் லோவெல் திரும்பச் சொல்லி, எந்த மின்தடத்தில் மின்னழுத்தம் குறைந்தது என்பதையும் சேர்க்கிறார். சுவரொட்டியில் ஏறியது லோவெலின் வரி. எனக்குப் பிடித்தது நடுவில் வரும் லூஸ்மாவின் வரி. சரியாகக் கேட்காதபோது கேட்டதுபோல் நடிக்காத மனிதர் அவர். அன்று விண்கலத்தோடு பேசும் வேலை தரையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவரும் ஒரு விண்வெளி வீரர், கேட்பவரின் நிலை தெரிந்தவர். நோயாளியின் இதயம் நின்றுபோன அவசரத்தில் அறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உத்தரவு போடும்போது இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

அந்தப் படத்தில் லோவெலாக நடித்த டாம் ஹாங்ஸ்தான் ‘சல்லி’ (2016) படத்திலும் நாயகன். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் போன விமானம். அதை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஸ்கைல்ஸ். "என் விமானம்" என்றார் கேப்டன் சல்லன்பெர்கர். "உங்கள் விமானம்" என்றார் ஸ்கைல்ஸ். பிறகு ஹட்சன் ஆற்றில் இறங்கி 155 பேரும் பிழைத்தார்கள். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு நோயாளியை மாற்றும்போது, ஷிஃப்ட் மாறும்போது, இந்த இரண்டு வரிகள் நமக்கும் வேண்டும். கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் பொறுப்பு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு ஒரு தடை இருக்கிறது, அது மரியாதை. பெரிய டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று இளம் சிஸ்டர்கள் பயப்படுகிறார்கள். சில டாக்டர்களும் "காது கேக்கலையா?" என்று கடிந்துகொள்கிறார்கள். இதை மாற்றும் பொறுப்பு மேலே இருப்பவருடையது. "நான் சொன்னதை ஒரு தடவை சொல்லுங்க சிஸ்டர்" என்று அவரே கேட்டுவிட்டால் பயம் போய்விடும்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் செவிலியர்களிடம் அந்தக் கேள்வியையே விடச் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. "ஐயா, இதை எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். கிழமையின் பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும். சிஸ்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

இன்சுலினுக்கு வாய்ச்சொல் போதாது, ஊசியில் இழுத்துக் காட்ட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். அதனால் குப்பியையும் சிரிஞ்சையும் சிஸ்டர் முன்னால் வைத்து, மூடியின் நிறத்தைச் சொல்லி, கோடுவரை இழுத்துக் காட்டிவிட்டு அப்புறம் வீட்டுக்குக் கிளம்புங்கள்.