ஃபிரான்சைஸ் ஃபீ: உரிமமா, குத்தகையா, வாரமா?

அமெரிக்காவில் கேபிள் டிவி வைத்திருப்பவரின் மாத பில்லில், கீழே பொடி எழுத்தில் 'ஃபிரான்சைஸ் ஃபீ' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அரசாங்க வரி என்று நினைத்துத் திட்டிக்கொண்டே கட்டுகிறவர்கள் நிறைய. உண்மையில் அது ஊருக்குப் போகும் காசு. பல ஊர்களில் அதிலிருந்துதான், ஊர்க்காரர்களே நிகழ்ச்சி செய்து ஒளிபரப்பும் சேனல்கள் நடக்கின்றன.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கைக்கு வரும் முதல் சொல் 'உரிமக் கட்டணம்'. தப்பில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கும் பட்டாசுக் கடை உரிமத்துக்கும் கட்டுவதுகூட உரிமக் கட்டணம்தான். இந்தப் பணத்தின் குணம் வேறு.

முதலில் ஃபிரான்சைஸ். பழைய பிரெஞ்சில் 'பிராங்க்' என்றால் அடிமையல்லாதவன், கட்டற்றவன். அந்தச் சொல் பிராங்கியர் என்ற இனத்தின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் கௌல் நாட்டை (இன்றைய பிரான்ஸ் பகுதி) பிடித்து ஆண்ட காலத்தில் முழுச் சுதந்திரம் அவர்களுக்கே இருந்ததால், இனத்தின் பெயரே சுதந்திரத்துக்கும் பெயராகிவிட்டது. ஆங்கிலத்துக்குள் போனபோது அது 'சலுகை', 'விலக்கு' என்று சுருங்கியது: மன்னர் ஒருவருக்குச் சந்தை கூட்டவோ படகுத்துறை நடத்தவோ தனியாகக் கொடுத்த உரிமை. பிறகு அது இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை வாக்குரிமை. இலங்கைத் தமிழர்கள் 1931ஐப் பற்றிப் பேசும்போது சொல்லும் 'சர்வசன வாக்குரிமை'யில் இருப்பது இந்த ஃபிரான்சைஸ்தான். இன்னொரு கிளை வியாபாரம். பீட்சா கடைக்கும் ஐபிஎல் அணிக்கும் நாம் சொல்வது அது.

கேபிள் பில்லில் இருப்பது இந்த இரண்டும் இல்லை, மன்னர் காலத்துப் பழைய பொருள். மன்னரின் இடத்தில் இப்போது நகராட்சி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

'ஃபீ'யின் கதை இன்னும் ருசி. அதன் வேர் கால்நடையைக் குறித்த ஒரு பழைய ஜெர்மானியச் சொல் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. மாடுதான் சொத்து, சொத்துதான் பணம். நமக்கு இது புதிதா என்ன? 'மாடல்ல மற்றை யவை' என்று குறள் சொல்லும்போது, மாடு என்றால் செல்வம் என்றுதானே உரைகாரர்கள் பொருள் எழுதுகிறார்கள்.

சரி, சொல்லை விட்டு விஷயத்துக்கு வருவோம். கேபிள் நிறுவனம் ஒரு ஊருக்குள் வர வேண்டுமானால் தெருவைத் தோண்ட வேண்டும், அல்லது கம்பத்தில் கம்பி கட்ட வேண்டும். தெரு ஊருடையது. அதைப் பயன்படுத்தி நிறுவனம் காசு பார்ப்பதால், அந்த வருமானத்தில் ஊர் ஒரு பங்கு கேட்கிறது. 1984இல் வந்த கேபிள் சட்டம் இதற்கு உச்சவரம்பு வைத்தது: கேபிள் சேவையில் வரும் மொத்த வருவாயில் 5 சதவீதம், அதற்கு மேல் கூடாது. வாடிக்கையாளர் 100 டாலர் கட்டினால் ஊருக்கு அதிகபட்சம் 5 டாலர். இந்தத் தொகையை பில்லில் தனியாகக் காட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு அதே சட்டம் இடம் கொடுத்தது. திட்டு நகராட்சிக்குப் போய்ச் சேருவது அதனால்தான்.

வந்த பணத்தை ஊர்ச் சேனலுக்கே கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. பொது நிதியில் போட்டு ரோடு போடலாம், போலீசுக்குச் செலவழிக்கலாம். சேனலுக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு ஊரின் மனசைப் பொறுத்தது.

அந்தச் சேனல்களுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'பப்ளிக் ஆக்சஸ்'. கல்விக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள சேனல்களைச் சேர்த்து, மூன்றின் ஆங்கில முதலெழுத்தையும் எடுத்து 'பெக்' என்பார்கள். (நம்மூரில் பெக் என்றால் அது வேறு கணக்கு.) மன்ஹாட்டனில் 1971இல் இது தொடங்கியது. கனடாவில் சாதாரண மக்கள் கையில் கேமராவைக் கொடுத்துப் பார்த்த ஒரு அரசுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஜார்ஜ் ஸ்டோனிதான் இதற்குத் தந்தை என்பார்கள். பெரிய நகரச் சந்தைகளில் இத்தகைய சேனல்கள் இருந்தே ஆக வேண்டும் என்று 1972இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போட்டது. அப்படிக் கட்டாயப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. ஆனாலும் ஊர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் சேனல் கேட்டு எழுதி வாங்கலாம் என்று 1984 சட்டம் வழி விட்டது.

இதைப் 'பொது அணுகல் தொலைக்காட்சி' என்று பெயர்த்தால், யாரும் பார்க்கலாம் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். விஷயம் பார்ப்பதில் இல்லை, யாரும் போய் நிகழ்ச்சி செய்யலாம் என்பதில் இருக்கிறது. எனவே 'ஊரார் அலைவரிசை' என்பது என் கட்சி. நம்மூர் அரசு கேபிளோ, கோயில் திருவிழாவும் நகைக்கடை விளம்பரமும் ஓடும் லோக்கல் சேனலோ இல்லை இது. அரசு கேபிளில் அரசே கேபிள்காரர். லோக்கல் சேனலில் கேபிள்காரரே சேனல் முதலாளி.

இப்போது பணத்துக்கு வருவோம். ஊராட்சிச் சொல் ஒன்று தயாராக இருக்கிறது: குத்தகை. ஏரி மீன் குத்தகை, சந்தைக் குத்தகை, புளியமரக் குத்தகை எல்லாம் பொதுச் சொத்தை ஒருவர் பயன்படுத்த ஊருக்குக் கட்டும் காசுதான். ஆனால் குத்தகை முன்கூட்டியே பேசி முடித்த தொகை. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஃபிரான்சைஸ் ஃபீ அப்படியில்லை, விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் இல்லை. அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் வாரம். நிலத்துக்கு உரியவர் விளைச்சலில் எடுப்பது மேல்வாரம், உழுதவருக்கு மிஞ்சுவது குடிவாரம். கேபிள் வருமானத்தில் ஊர் எடுக்கும் 5 சதவீதம் அசல் மேல்வாரம்.

நிலத்துக்குப் பதில் இங்கே தெரு. அதற்கும் பத்திர எழுத்தர்களிடம் சொல் உண்டு: 'மாமூல் தடபாத்தியம்', அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதை உரிமை. அப்படியானால் 'தடவாரம்' எனலாமா? எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்குப் படிக்கிறவர் அதைத் திங்கள், செவ்வாய் வாரம் என்று நினைத்துக் குழம்புவார். ஆகவே 'தடப்பங்கு'. தடத்துக்காகத் தரும் பங்கு.

இந்தப் பெயரை வைத்துப் பார்த்தால் பில்லுக்குப் பின்னால் நடக்கும் சண்டைகளும் புரியும். கேமரா, ஸ்டூடியோ போன்ற மூலதனச் செலவுக்கு ஒப்பந்தப்படி நிறுவனம் தருவதைச் சட்டம் 5 சதவீதத்துக்கு வெளியே வைத்தது. சம்பளத்துக்குத் தரச் சொன்னால் அது உள்ளே வந்துவிடும். கேமரா வாங்கித் தரலாம், கேமராவைப் பிடிக்கிறவருக்குக் கூலி தந்தால் பங்கில் கழியும்! 2019இல் ஆணையம் இன்னும் ஒரு படி போய், நிறுவனம் பொருளாகவும் சேவையாகவும் தருபவற்றில் பெரும்பாலானவற்றை அந்த ஐந்துக்குள் கணக்கிடலாம் என்றது. ஊர்கள் வழக்குப் போட்டன. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றாலும், சந்தை விலையில் கணக்கிடாமல் நிறுவனத்துக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவை மட்டும் கணக்கிடச் சொன்னது.

அப்புறம் இணையம். அதே கம்பியில் வரும் இணையச் சேவையை ஆணையம் 2002இலேயே கேபிள் சேவை இல்லை என்று வகைப்படுத்திவிட்டதால், அந்த வருமானத்தில் பங்கு கிடையாது. மக்கள் கேபிளைத் துண்டித்துவிட்டு நெட்ஃபிளிக்ஸ், ஹூலு என்று இணையத்தில் படம் காட்டும் நிறுவனங்களுக்குப் போகப் போக, ஊருக்கு வரும் 5 சதவீதம் எதன் மேல் கணக்காகிறதோ அதுவே தேய்ந்துகொண்டு வருகிறது. ஒஹாயோவின் மேப்பிள் ஹைட்ஸ் நகரம் அந்த இரண்டு நிறுவனங்களும் தனக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வழக்காடியது. 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவை தெருவில் கம்பி போடவில்லையே, வேறு யாரோ போட்ட கம்பியில்தானே படம் வருகிறது என்பது அதன் சாரம். தடம் பதிக்காதவரிடம் தடப்பங்கு கேட்க முடியவில்லை.