எச்சிலில் இருக்கும் ஊர்ப்பெயர்

பாஸ்டனில் இருக்கும் தன் மருமகனைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மருமகனுடைய தந்தைவழி முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து போய் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். ராணுவக் காகிதத்தில் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கிறதாம். குடும்பப்பெயர் அபூர்வமானது. ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

காகிதத்தை மட்டும் நம்பினால் சிரமம்தான். 1922 ஜூனில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. (1881, 1891 கணக்கெடுப்புகளுக்கு நெருப்பே தேவைப்படவில்லை, முதல் உலகப்போர்க் காலத்தில் அரசே அவற்றைக் காகிதக் கூழாக்கிவிட்டது!) மிஞ்சியதில் உருப்படியானது கிரிஃபித் மதிப்பீடு. 1847–1864 காலத்தில் நிலமும் வீடும் யார் கைவசம் என்று ஊர் ஊராக எழுதிய வரிப் பட்டியல் அது. அதில் மர்ஃபி மாதிரி சர்வசாதாரணமான பெயரைத் தேடினால் தலைசுற்றும். அபூர்வப் பெயர் இரண்டு மூன்று வட்டாரங்களில் மட்டும் அகப்படலாம். அவற்றில் எது நம்முடையது?

இங்கேதான் ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் வருகிறது. குடும்பப்பெயரைப் போலவே அதுவும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. மற்ற குரோமோசோம்கள் ஜோடியோடு சீட்டுக்கட்டு மாதிரிக் கலைகின்றன. ஒய்க்குச் சரிஜோடி கிடையாது. பெரும்பகுதி கலையாமல் இறங்கும். மாற்றமெல்லாம் பிரதியெடுக்கும்போது விழும் பிழைகள்தான்.

அதில் எனக்குக் கொள்ளை ஆசையான பிழை ஒன்று உண்டு. ஒய்யில் சில இடங்களில் ‘ஜிஏடிஏ’ போன்ற நாலு டிஎன்ஏ எழுத்துகள், கீறல் விழுந்த இசைத்தட்டு போல, 13 முறை திரும்பத் திரும்ப வரும். பிரதியெடுக்கும்போது இழை கொஞ்சம் வழுக்கினால் மகனிடம் அது 14 ஆகிவிடும், அல்லது 12. ஓரிடத்தில் இப்படி வழுக்கச் சராசரியாகச் சில நூறு தலைமுறை ஆகும். 37 இடங்களில் எண்ணினால் 37 எண்கள் கிடைக்கும். இரண்டு பேருடைய எண்கள் ஓரிடத்தில் மட்டும் மாறுபட்டால், அவர்களுடைய பொதுப் பாட்டன் பெரும்பாலும் சில நூற்றாண்டுகளுக்குள்தான் இருந்திருப்பான்.

மர்ஃபி பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றிய பெயர். அபூர்வப் பெயரோ ஒரே ஆளிடமிருந்து கிளைத்திருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு தத்துப்பிள்ளை வந்திருந்தால் போச்சு, பெயர் ஒருவருடையது, ஒய் இன்னொருவருடையது.

2006ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் ஒரே வகை ஒய்யைக் கண்டு, நியால் என்ற பழங்கால அரசனோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். நியால் நிஜமாக வாழ்ந்தானா என்பதிலேயே சந்தேகம். அதற்குள் பலர் ‘நான் ராஜ வம்சம்’ என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு இதற்கும் ஜாதகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வாசகி செய்ய வேண்டியது: அந்த வட்டாரங்கள் ஒவ்வொன்றிலும் அதே பெயரோடு இன்றும் வாழும் ஓர் ஆணைத் தேடி, சம்மதம் வாங்கி, அவருடைய எச்சிலையும் மருமகனுடையதையும் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பி, எண்களை ஒப்பிடச் சொல்வது. நம் பக்கத்து எச்சில் மருமகனுடையதாகவே இருக்கட்டும். அவர் அக்கா எவ்வளவு ஆர்வமாகத் துப்பி அனுப்பினாலும் அதில் ஒய் இருக்காது.