டிப்டிக்: இருபலகை ஓவியம்

டிப்டிக் கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘டி’ இரண்டு, ‘ப்டுகே’ மடிப்பு. ரோமானியர் காலத்தில் அது ஓவியமே அல்ல, எழுதும் பலகை. இரண்டு சிறு பலகைகளின் உட்புறத்தைக் குழித்து மெழுகு நிரப்பி, ஓரத்தில் கோத்திருப்பார்கள். கூரான கோலால் எழுதி மூடிவிட்டால் எழுத்து கலையாது. பிற்காலத்தில் கான்சல் என்ற உயர் அரசுப் பதவி ஏற்றவர்கள் இதையே தந்தத்தில் செதுக்கி வேண்டியவர்களுக்குப் பரிசளித்தார்கள். தேவாலயங்களுக்குள் வந்த பிறகுதான் ஜோடி ஓவியப் பலகைகளுக்கு இந்தப் பெயர் நிலைத்தது.

இரட்டை உருவப்படம் என்பது வேறு. அதில் ஒரே பரப்பில் இருவர் இருப்பார்கள்; பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் ரஃபேலும் நண்பரும் இருக்கும் படம் அப்படித்தான். டிப்டிக்கில் ஆளுக்கொரு பலகை. பிரித்து வரைந்த இருவரின் நெருக்கத்தைக் காட்டுவதில்தான் ஓவியரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

1517இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஓவியர் குவென்டின் மாட்சிஸ் வரைந்த, அறிஞர் எராஸ்மஸ், அவர் நண்பர் பீட்டர் கில்லிஸ் ஜோடியைப் பாருங்கள். இங்கிலாந்தில் இருந்த நண்பர் தாமஸ் மோருக்குப் பரிசாக அனுப்ப, செலவை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வேலை நடுவே நின்றது: மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தின்றதில் எராஸ்மஸின் முகமே மாறிப்போக, ஓவியர் சில நாள் பொறுக்கச் சொன்னார். இருவருக்கும் பின்னால் ஒரே புத்தக அலமாரி. தட்டுகள் ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்கு ஓடுகின்றன. எராஸ்மஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். கில்லிஸ் கையில் மோர் எழுதிய கடிதம். பரிசு பெறுபவரும் இப்படிப் படத்துக்குள் வந்துவிடுகிறார். தன் கையெழுத்தை ஓவியர் அச்சு அசலாகப் போட்டிருப்பதைக் கண்டு வியந்த மோர், படத்தின் பக்கத்தில் வைக்க அந்தக் கடிதத்தையே திருப்பிக் கேட்டார்.

இன்று எராஸ்மஸ் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில், கில்லிஸ் இங்கிலாந்தின் லாங்ஃபோர்டு கோட்டையில். ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு அலமாரி ஏன் பாதியில் நிற்கிறது என்பது புரியாது. இவற்றின் வேறு படிகளாக ரோமில் ஓர் எராஸ்மஸும் ஆண்ட்வெர்ப்பில் ஒரு கில்லிஸும் இருப்பதால், மேற்கோள் காட்டும்போது எந்தப் படி என்று குறிப்பிடுவது அவசியம்.

தமிழில்? ‘இருமடிப்போவியம்’ மூலச்சொல்லுக்கு நேர்தான். ஆனால் இருமடி என்றதும் இரண்டு மடங்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மடிப்பு என்றால் துணியும் காகிதமும்தான் மனதில் நிற்கும். 1517 மே மாதம் மோருக்கு எழுதிய எராஸ்மஸ், பீட்டரும் தானும் ‘ஒரே தபுலாவில்’ வரையப்படுவதாகச் சொன்னார். லத்தீனில் தபுலா என்றால் பலகை. எனவே ‘இருபலகை ஓவியம்’ பொருந்தும். மூன்றானால் முப்பலகை ஓவியம், அதற்கு மேல் பல்பலகை ஓவியம்.